ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு மூன்று வருஷமா?

மைசூரில் பி.யு.சி. ரிசல்ட் வந்த மறுவாரமே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். வீட்டுப் பெண்ணோ பையனோ "பி.ஏ.வில் ஆப்ஷனல் இங்கிலீஷ் எடுக்கப் போகிறேன்" என்று வாயைத் திறந்தால் போதும். மாமா, சித்தப்பா, எதிர்வீட்டு பேங்க் மேனேஜர் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். இங்கிலீஷ் ஒரு கருவி. அதை வைத்துக்கொண்டு வேறெதையாவது படிக்க வேண்டுமே தவிர, அதையே போய் மூன்று வருஷம் படிப்பார்களா? பேச வரவில்லை என்றால் மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு போதாதா? பி.காம்., பி.பி.ஏ. சீட் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் இடம்தானே அது? இப்போது இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: கடிதமும் கட்டுரையும் எழுத ஏ.ஐ. வந்துவிட்டது, இனி இங்கிலீஷ் பட்டதாரிக்கு என்ன வேலை?

தமிழ்க் குடும்பம், கன்னடக் குடும்பம் என்ற வேறுபாடில்லாமல் இதை எல்லா வீட்டிலும் கேட்கிறேன். படித்தவர்களே அதிகம் சொல்கிறார்கள். இந்தக் கருத்து தவறு. மைசூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது தவறோடு மறதியும் சேர்ந்தது. நான் இந்தப் பாடத்தை இந்த ஊரில் கற்பிப்பவள். பிழைப்பு அதில் இருப்பதால் வக்காலத்து வாங்குகிறாள் என்று நினைப்பவர்கள் என்னை விட்டுவிட்டு இந்த ஊரின் வரலாற்றைக் கேட்கட்டும்.

1929-இல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஏ.கே. ராமானுஜன். அப்பா மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். பிள்ளை மகாராஜா கல்லூரியில் முதலாண்டு அறிவியல் பாடத்தில் சேர்ந்தார். இவனுக்குக் கணக்கில் புத்தி ஓடாது என்று கண்டுகொண்ட அப்பா, மறுநாள் காலையே ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் அறிவியலை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை எழுதவைத்தார். 'பார்த்தீர்களா, கணக்கு வராதவனுக்குத்தான் இங்கிலீஷ்' என்று எதிர்த்தரப்பு இதையே பிடித்துக்கொள்ளலாம். நான் இதை வேறு மாதிரிப் படிக்கிறேன். தானே கணிதம் கற்பித்த ஒருவர், தன் துறையை மகன் மேல் சுமத்தாமல், ஆங்கிலத்தை ஒரு முழுப் படிப்பாக மதித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றைக்கு எத்தனை அப்பாக்கள் அந்த ஆபீஸ் வாசலுக்கு அந்தக் காரியத்துக்காகப் போவார்கள்?

அந்தப் படிப்பு என்ன செய்தது? பெல்காம், பரோடா என்று பல ஊர்க் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தவர், பிறகு அமெரிக்கா போய் மொழியியல் படித்தார். 1962-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலகத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடப்போன இடத்தில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை கைக்குக் கிடைத்தது. ஐந்தே ஆண்டில், 1967-இல், 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வெளிவந்தது. குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் ஒரே மூச்சில் ஓடும் ஒரே வாக்கியம். பொருள் முடிவது கடைசிச் சீரில். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது வாக்கிய அமைப்பே தலைகீழாகிவிடும். ராமானுஜன் வரிகளை உடைத்து, உள்தள்ளி, பக்கத்தில் வெற்றிடம் விட்டு, தமிழ் வாக்கியத்தின் மடிப்புகளை ஆங்கிலப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். ஒரு வரி ஏன் இங்கே முடிகிறது, அடுத்த வரி ஏன் அங்கே தொடங்குகிறது என்ற கேள்வியைக் கேட்டுப் பழகியவரால்தான் அது முடியும். அந்தக் கேள்வியைப் பழக்குகிற இடம் ஆங்கில இலக்கிய வகுப்பு. மூன்று மாத வகுப்பில் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் அது பேச்சுப் பயிற்சி.

ராமானுஜன் ஒருவரே என்றால் விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம். ஆனால் கன்னட நவீன இலக்கியத்தை எடுத்துப் பாருங்கள். பி.எம். ஸ்ரீகண்டய்யா மகாராஜா கல்லூரியின் ஆங்கில ஆசிரியர். ஆங்கிலக் கவிதைகளை அவர் கன்னடத்தில் ஆக்கிய 'இங்கிலீஷ் கீதகளு' 1926-இல் நூலாக வந்தது. கன்னடத்தின் நவோதயக் கவிதைக்கு வழி திறந்தது அந்தப் புத்தகம் என்பதில் கன்னட விமர்சகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அடுத்த தலைமுறையில் கவிதையைப் புரட்டிப் போட்ட கோபாலகிருஷ்ண அடிக ஆங்கிலம் கற்பித்தவர். 'சம்ஸ்கார' எழுதிய அனந்தமூர்த்தி மகாராஜா கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. படித்து, இதே ஊரில் ஆங்கிலம் கற்பித்து, பர்மிங்ஹாமில் டாக்டர் பட்டம் பெற்றவர். லங்கேஷும் அதே கல்லூரியில் ஆங்கில எம்.ஏ.; ஆங்கிலப் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு 1980-இல் விளம்பரமே வாங்காத ஒரு கன்னட வாரப் பத்திரிகையைத் தொடங்கி, கர்நாடக அரசியல்வாதிகளைத் தூங்கவிடாமல் செய்தார். இவர்கள் எல்லாரும் கன்னடத்தில் எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத் துறையின் விளைச்சல் கன்னடத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழிலும் அப்படித்தான். 1968-இல் 'வெள்ளைப் பறவை'க்காக சாகித்ய அகாதெமி விருது பெற்ற அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் ஆங்கில இலக்கியம் படித்து, நம்மூர் ஆர்.கே. நாராயணின் நாவல்களை ஆராய்ந்த லட்சுமி ஹோம்ஸ்ட்ராம்தான் பின்னால் பாமாவின் 'கருக்கு'வை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். ஆங்கிலம் எடுத்தால் தாய்மொழி போய்விடும் என்று பயப்படுகிற பெற்றோர் இந்தப் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கட்டும். தாய்மொழியைக் கைவிட வைப்பது எல்.கே.ஜி.யிலிருந்து நாம் பிள்ளைகளைச் சேர்க்கிற பள்ளிகள். பி.ஏ. ஆங்கிலத்தின் தலையில் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை.

இதற்கு ஒரு பதில் உடனே வரும். 'அவர்கள் மேதைகள். எங்கள் பெண் என்ன அனந்தமூர்த்தியா ஆகப் போகிறாள்?' ஆகவேண்டாம். ஆனால் மேதைகளுக்கு மட்டும் பயன்படுகிற பாடமாக யாரும் இதை வகுக்கவில்லை. சி.டி. நரசிம்மய்யா கேம்பிரிட்ஜில் எஃப்.ஆர். லீவிஸிடம் படித்துவிட்டு மைசூருக்குத் திரும்பி, மகாராஜா கல்லூரியில் பாடம் நடத்தினார். 1952-இல் 'தி லிட்டரரி கிரிட்டீரியன்' என்ற இதழைத் தொடங்கினார். ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் தாண்டாத பாடத்திட்டத்துக்குள் இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றைக் கொண்டுவரப் போராடினார். 1979-இல் 'த்வன்யாலோகா' ஆய்வு மையத்தை நிறுவினார். அவர் தலைமுறை இங்கே கொண்டுவந்த வகுப்பு முறை எளிமையானது. எழுதியவர் பெயரைச் சொல்லாமல் ஒரு கவிதையையோ பத்தியையோ மாணவர் முன் வைப்பது. என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று அந்தப் பக்கத்திலிருந்தே காட்டவேண்டும். பெரிய பெயருக்குக் கும்பிடு போட வழியில்லை. கோனார் நோட்ஸ் பாணியில் மனப்பாடம் செய்துவந்து ஒப்பிக்கவும் முடியாது. இது நடுத்தர மாணவருக்குத்தான் அதிகம் தேவைப்படுகிற பயிற்சி. மேதை எப்படியும் தன் வழியைத் தானே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து ஆர்.கே. நாராயணைக் கொண்டுவருவார்கள். அவர் கல்லூரி நுழைவுத் தேர்விலேயே தோற்றவர், பி.ஏ.வை முடிக்க மற்றவர்களைவிட ஓர் ஆண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டவர், எம்.ஏ. படித்தால் இலக்கிய ஆசையே செத்துப்போகும் என்று நண்பர் சொன்னதைக் கேட்டு அதை விட்டவர். 1945-இல் வந்த அவருடைய 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில் நாயகன் கிருஷ்ணன் கல்லூரி வேலையையே ராஜினாமா செய்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பார்கள்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். அதில் பாதி உண்மை. நாராயணின் கோபம் நோட்ஸ் எழுதிப்போட்டு நெட்டுருப் போடவைக்கும் முறையின் மேல். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. மறுபாதியைப் பாருங்கள். நாராயணின் அப்பா தலைமையாசிரியர். தேர்வில் தோற்ற அந்த ஓராண்டு முழுக்க நாராயண் படித்துக்கொண்டே இருந்தார், எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பள்ளி நூலகம் வீட்டு அலமாரி மாதிரி. லண்டன் பத்திரிகைகள் கைக்கு வந்தன. வகுப்பறை தரத் தவறியதை வீடு தந்தது. ஹுன்சூரிலிருந்தும் சாமராஜநகரிலிருந்தும் காலை பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு அந்த வீடு இல்லை. கூடலூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற எஸ்டேட் தொழிலாளியின் மகனுக்கும் இல்லை. அவர்களுக்குக் கல்லூரி நூலகமும், புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லும் ஓர் ஆசிரியரும்தான் உண்டு. 'படிக்கிற பிள்ளை தானே படித்துக்கொள்ளும், அதற்குப் பட்டம் எதற்கு' என்பது புத்தகம் நிறைந்த வீட்டில் பிறந்தவர்களின் வாதம்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு செமஸ்டரில் கவிதைகளுக்கு நடுவே, அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஆங்கிலப் படிவம் ஒன்றைக் கொடுத்தேன். ஒரே பக்கம். இதைத் தேவராஜ மார்க்கெட்டில் பூக்கட்டும் ஒருவர் படித்தால் புரியும்படி கன்னடத்திலோ தமிழிலோ எழுதுங்கள் என்றேன். நாலாவது வாக்கியத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். சிகிச்சையின் ஆபத்துகளும் மாற்று வழிகளும் விளக்கப்பட்டன, நான் புரிந்துகொண்டேன் என்கிற வாக்கியம். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "விளக்கினது யாரு மேடம்? டாக்டரா, நர்ஸா? இதுல பேரே இல்லையே." இன்னொருவன் சொன்னான்: "விளக்காமயே கையெழுத்து வாங்கிட்டாலும், விளக்கினதா நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்." அதற்கு முந்தைய வாரம்தான், ஒரு நாவலில் கதைசொல்லி தன் பொறுப்பை மறைக்க எப்படிச் செய்வினையைத் தவிர்க்கிறான் என்று பார்த்திருந்தோம். அந்தக் கண்ணோடு அவர்கள் படிவத்தைப் படித்தார்கள். கடைசியில் அந்த வகுப்பு எழுதிய தமிழ்ப் படிவத்தில் 'எனக்கு விளக்கிச் சொன்னவர் பெயர்' என்று ஒரு கோடு இருந்தது. மூலப் படிவத்தில் அது இல்லை.

அந்தப் பெண்ணின் ஆங்கில உச்சரிப்பில் கன்னட வாடை தூக்கலாக இருக்கும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அவளை அதற்காகத்தான் திருத்தியிருக்கும்.

இங்கேதான் எங்கள் துறைக்காரர்களோடும் எனக்குச் சண்டை. வெளியே வந்த ஏளனத்துக்குப் பயந்து, பல கல்லூரிகள் இலக்கியத்தைக் குறைத்து 'கம்யூனிகேஷன்' என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டன. தவறு பெயரில் இல்லை. 1951-லேயே மகாராஜா கல்லூரியில் நாடிக் கிருஷ்ணமூர்த்தி இதழியல் துறையைத் தொடங்கினார். செய்தி சேகரிப்பதும் திருத்துவதும் அச்சுக்குக் கொடுப்பதும் பாடமாயின. கம்யூனிகேஷன் என்றால் அப்படி இருக்கவேண்டும். இப்போது அந்தப் பெயரில் நடப்பது பயோடேட்டா தயாரிப்பு, குரூப் டிஸ்கஷன், இன்டர்வியூவில் எப்படி உட்கார்வது என்பவை. தேர்வுக்கு ஒரு படம் வேறு: அனுப்புநர், வாய்க்கால், இரைச்சல், பெறுநர். இதை மனித உரையாடலின் விளக்கமாகப் பிள்ளைகள் உருப்போட்டு எழுதுகிறார்கள். அந்தப் படம் 1948-இல் பெல் நிறுவன ஆய்வாளர் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. தொலைபேசிக் கம்பி வழியே சமிக்ஞையைச் சிதையாமல் அனுப்புவது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். செய்தியின் பொருள் தன் பொறியியல் கணக்குக்குத் தேவையில்லை என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் ஒதுக்கிவைத்துவிட்டார். அவர் கணக்குக்கு அது சரி. அவர் ஒதுக்கிவைத்த அந்தப் 'பொருள்'தான் எங்கள் பாடம். அதை எடுத்துவிட்டு அவருடைய கம்பியை மட்டும் நாங்கள் கற்பித்தால், மாமா, சித்தப்பா சொல்வதே உண்மையாகிவிடும்: மூன்று மாத வகுப்பே போதும்.

கம்யூனிகேஷன் எவ்வளவு ஆழமான விஷயம் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சிகள் உண்டு. 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில், பக்கவாதத்தில் வார்த்தை போன ஒருவருக்கு ஒரு சொல்லை மீட்டுக் கொடுக்கப் போராடுகிறார்கள். 1969-இல் வந்த இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில், எழுத்தில்லாத மொழிகளுக்கு இலக்கணமும் அகராதியும் செய்கிறார்கள். இவை இருக்கிற ஊரில் கம்யூனிகேஷன் என்றால் டை கட்டிக்கொண்டு கைகுலுக்குவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வேலை? அதை மழுப்ப நான் தயாரில்லை. பி.ஏ. ஆங்கிலம் முடித்தவரின் முதல் சம்பளம் சாஃப்ட்வேர் கம்பெனிச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. பி.எட்., எம்.ஏ., எல்.எல்.பி. என்று மேலே ஒன்று படிக்கவேண்டியும் வரும். குடும்பத்தின் கடனை உடனே அடைக்கவேண்டிய பிள்ளைக்கு இது சிரமமான வழி. அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 'வேலையே இல்லை' என்பது பொய். பள்ளிகளுக்கு நல்ல ஆங்கில ஆசிரியர்கள் எந்தக் காலத்திலும் போதவில்லை. பத்திரிகை, பதிப்பகம், மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், நீதிமன்றம், மருத்துவமனை, அரசு அலுவலகம் என்று, இரண்டு மொழிகளுக்கு நடுவே நம்பகமாக நிற்கத் தெரிந்தவர் தேவைப்படாத இடம் கர்நாடகத்தில் குறைவு. ஹெப்பால் பகுதியில் இருக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து பொறியியல் பட்டதாரிகள் வருகிறார்கள். கம்ப்யூட்டரோடு சேர்த்து, வாடிக்கையாளருக்கு எழுதவும் பேசவும் அவர்களுக்கு அங்கே பயிற்சி தரப்படுகிறது. நான்கு வருஷம் படித்து வந்தவர்களுக்கும் ஒரு நிறுவனம் அதற்குப் பணம் செலவழிக்கிறது என்றால், அந்தத் திறன் தானாக வந்துவிடுகிறது என்ற நம்பிக்கை எங்கே போயிற்று?

ஏ.ஐ. பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவப் படிவத்தை ஏ.ஐ. நொடியில் தமிழாக்கிவிடும், தமிழும் தவறில்லாமல் இருக்கலாம். 'விளக்கப்பட்டன' என்பது 'விளக்கப்பட்டன' என்றே அழகாக வந்து உட்காரும். யார் விளக்கியது என்று கேட்க, கேட்கத் தெரிந்த ஒருவர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுதித் தள்ளுவது மலிவாகிவிட்ட காலத்தில், எழுதப்பட்டதைச் சந்தேகித்துப் படிப்பவரின் தேவை கூடுமே தவிர குறையாது. மெஷின் தந்ததை அப்படியே கையெழுத்திட்டு அனுப்புகிற தலைமுறையை உருவாக்கிவிட்டு, ஆங்கிலத் துறைகளை மூடி மிச்சம் பிடித்தோம் என்று பெருமைப்படுவது ஆபத்தான கணக்கு.

இந்தப் பாடம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்கிற குற்றச்சாட்டும் உண்டு, அது உண்மை. இங்கிலாந்தில் பாடமாவதற்கு முன்பே ஆங்கில இலக்கியம் இந்தியாவில் பாடமாகிவிட்டது என்பதையும், ஆட்சிக்குப் பணிந்த மனங்களை உருவாக்கும் நோக்கம் அதன் பின்னால் இருந்ததையும் கௌரி விஸ்வநாதன் 1989-இல் ஒரு முழு நூலாகவே எழுதிக் காட்டினார். அவரே ஆங்கில இலக்கியப் பேராசிரியர். அந்தக் குற்றத்தைத் தோண்டி எடுத்த கருவியும் இந்தப் படிப்பிலிருந்தே வந்தது. குவெம்பு இளைஞராக ஆங்கிலத்தில் கவிதை எழுதியபோது, தாய்மொழியில் எழுது என்று அவரிடம் சொன்னவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞர். குவெம்பு கன்னடத்துக்குத் திரும்பினார். ஆனால் படித்ததைத் தூக்கியெறிந்துவிட்டுத் திரும்பவில்லை. தன் ராமாயணக் காவியத்தில் ஹோமரையும் தாந்தேயையும் மில்டனையும் வணங்கிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார்.

ஆகவே, அட்மிஷன் நேரத்தில் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இது. 'இங்கிலீஷ் எடுத்தால் என்ன கிடைக்கும்' என்று உறவினரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, கல்லூரிக்கு நேரே போங்கள். ப்ளேஸ்மென்ட் போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நூலகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும், புத்தகத்தை மாணவர் கையில் தொட்டு எடுக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். மூன்று வருஷத்தில் முழுப் புத்தகமாக எத்தனை படிக்கிறார்கள், கைடிலிருந்து எத்தனை என்று கேளுங்கள். கன்னடத்திலிருந்தோ தமிழிலிருந்தோ ஒரு பக்கமாவது மொழிபெயர்க்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாம் வருஷ மாணவர் யாராவது எழுதி, ஆசிரியர் திருத்திக் கொடுத்த நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சிவப்பு மை டிக் மட்டும் போட்டிருந்தால் வேறு கல்லூரிக்குப் போங்கள். ஓரத்தில் கேள்விகள் எழுதியிருந்தால் தயங்காமல் ஃபீஸ் கட்டுங்கள்.